இரண்டு முறிவு, ஒரு முழங்கால்

ஒரே காலில் தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சேர்ந்து முறிந்தால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு. மேலேயும் கீழேயும் எலும்பு முறிந்துவிட்டதால் நடுவில் உள்ள முழங்காலுக்கு எந்தப் பக்கமும் பிடிப்பு இல்லை. 1975இல் பிளேக், மெக்பிரைட் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரையை ஒட்டி இந்தக் காயத்துக்கு ‘மிதக்கும் முழங்கால்’ என்ற பெயர் நிலைத்திருக்கிறது. வயதுவந்த ஒருவருக்கு இந்தக் காயம் நேர்ந்தால் இரண்டு எலும்புகளையும் அறுவை சிகிச்சையால் நிலைநிறுத்த வேண்டும். தொடைக்கு மட்டும் ஆபரேஷன் செய்துவிட்டுக் கணைக்காலை மாவுக்கட்டில் விட்டால் அந்த வைத்தியம் பாதியில் நிற்கிறது என்பது என் வாதம். வளரும் குழந்தைகளின் எலும்பு வேகமாகக் கூடும், சிறு கோணலைத் தானே திருத்திக்கொள்ளும். அவர்களுக்கான கணக்கு வேறு, இன்று அதைத் தொடவில்லை. வயதுவந்தவர்களுக்கும் எலும்பு பெரும்பாலும் எப்படியோ கூடிவிடுகிறது. அது கூடுவதற்காகக் காத்திருக்கும் மாதங்களில் முழங்கால் என்ன ஆகிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சையை எடைபோட வேண்டும்.

தொடை எலும்பு உடலிலேயே நீளமான, உறுதியான எலும்பு. அதை ஒடித்த விசை, அதே காலின் கணைக்கால் எலும்பையும் ஒடித்திருக்கிறது என்றால் அது படியில் தடுக்கி விழுந்த அடி அல்ல. அடிபட்டவர் பெரும்பாலும் இருசக்கர வாகனத்தில் போனவர், அல்லது சாலையைக் கடந்தவர். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன, 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இறந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம். இந்தக் காயம் நம் சாலைகளின் காயம் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. இனி இரத்தக் கணக்கைப் பாருங்கள். தோல் கிழியாத தொடை முறிவிலேயே ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை இரத்தம் தசைக்குள் இறங்கிவிடலாம். கணைக்கால் முறிவு இன்னும் அரை லிட்டரோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். வயதுவந்தவர் உடலில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லிட்டர். ஆக, தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் மூன்றில் ஒரு பங்கு இரத்தத்தை அவர் இழந்திருக்கக்கூடும். தலையிலோ மார்பிலோ வயிற்றிலோ அடி பட்டிருக்கிறதா என்பதும் கூடவே எழும் கேள்வி. அதனால்தான் அவசரப் பிரிவில் அந்தக் கோணல் காலைக் கண்டு எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. மூச்சு, இரத்த ஓட்டம், மூளை ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே கால்.

‘கட்டுப் போட்டாலே எலும்பு கூடிவிடுமே, எதற்கு ஆபரேஷன்?’ என்று நோயாளியின் வீட்டார் கேட்கிறார்கள். நாட்டு எலும்பு வைத்தியமான புத்தூர்க் கட்டின் பெயர் பரவியிருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வி எழாத நாளே இராது. இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை; எளிய முறிவுகள் கட்டில் கூடுவதைப் பல குடும்பங்கள் கண்ணால் கண்டிருக்கின்றன. ஆனால் எந்தக் கட்டும் வேலை செய்வதற்கு ஒரு விதி உண்டு: முறிந்த எலும்புக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் அசையாமல் பிடிக்க வேண்டும். தொடைக்கு இடுப்பும் முழங்காலும். கணைக்காலுக்கு முழங்காலும் கணுக்காலும். இரண்டு கணக்கிலும் முழங்கால் வருகிறது. இரண்டும் முறிந்தவருக்குக் கட்டுப் போட்டால் மாதக்கணக்கில் பூட்டப்படுவது அந்த ஒரே மூட்டுதான். கட்டுக்குப் பதில் எடை தொங்கவிட்டு இழுக்கும் பழைய முறையும் இங்கே தோற்கிறது. தொடை முறிவை இழுத்து வைக்க, வழக்கமாக முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பில் கம்பி செலுத்தி எடை தொங்கவிடுவார்கள். அந்தக் கணைக்காலே முறிந்து கிடக்கையில், கம்பிக்குக் கீழே உள்ள பாதிக் காலை யார் பிடிப்பது? கம்பியைத் தொடை எலும்பின் கீழ்முனைக்கு மாற்றினால் தொடை மட்டும் சமாளிக்கப்படும். கணைக்காலின் கட்டு படுக்கையில் தனியே ஆடிக்கொண்டிருக்கும். அதற்குள் தொடையின் முன்தசை புதிதாக முளைக்கும் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது, மூட்டைச் சுற்றியுள்ள உறை சுருங்குகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். கால் மடங்காது. கீல் திரும்ப வேண்டுமானால் கதவும் உறுதியாக இருக்க வேண்டும், நிலையும் உறுதியாக இருக்க வேண்டும். இந்த எளிய விஷயத்தில்தான் என் வாதம் முழுக்க நிற்கிறது.

இதற்கு மருத்துவச் சான்று என்ன? ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல்ஸ்ட்ரோம், ஓலெருட் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு எலும்புகளையும் உறுதியாகப் பொருத்தியவர்களே நன்றாகத் தேறினார்கள். அந்த ஆய்வின் இன்னொரு கொடை, பலனை அளக்க அவர்கள் வகுத்த அளவுகோல். எலும்பு கூடியதா என்பதோடு அது நிற்கவில்லை. நடக்க முடிகிறதா, பழைய வேலைக்குப் போக முடிகிறதா, கால் எவ்வளவு குட்டையாகியிருக்கிறது, எத்தனை கோணல், மூட்டு எவ்வளவு அசைகிறது என்றெல்லாம் கேட்டது. மிதக்கும் முழங்காலைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். நம் ஊருக்கு அதோடு இன்னொரு கேள்வியைச் சேர்த்தாக வேண்டும்: குந்தி உட்கார முடிகிறதா? நாற்காலியில் உட்கார முழங்கால் 90 டிகிரி மடங்கினால் போதும். குந்தி உட்கார 120 டிகிரிக்கு மேல் வேண்டும். தரையில் அமர்ந்து சாப்பிடுபவருக்கும், வயலில் குந்தி வேலை செய்பவருக்கும், குந்தும் கழிப்பறை மட்டுமே உள்ள வீட்டில் வாழ்பவருக்கும் ஐரோப்பிய அட்டவணையில் ‘பரவாயில்லை’ என்று பதியப்படும் முழங்கால் போதாது. அவருடைய அன்றாடமே அதில் நின்றுவிடும்.

இரண்டையும் பொருத்துவதற்கு எதிரான வலுவான சான்று 1978இல் வந்தது. அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஃப்ரேசர், ஹன்டர், வாடெல் ஆகியோர் 222 கேஸ்களை ஆராய்ந்தார்கள். எலும்புக்குள் சீழ் பிடிக்கும் தொற்று, இரண்டு எலும்புகளையும் ஆபரேஷன் செய்தவர்களிடம்தான் அதிகமாக இருந்தது. அப்படியானால் ஒன்றை மட்டும் பொருத்துவதே பாதுகாப்பு என்று பலர் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் அதே ஆய்வு வேறு இரண்டு விஷயங்களையும் சொல்கிறது: ஏதேனும் ஒரு எலும்பை ஆபரேஷன் இன்றி விட்டவர்களிடம் எலும்பு தாமதமாகக் கூடுவதும் கூடாமலே போவதும் அதிகம்; மோசமான பலன் மிகுதியாக இருந்தது இரண்டையும் ஆபரேஷன் இல்லாமல் விட்டவர்களிடம். தொற்று இருந்தும்கூட அறுவைதான் முந்தியது. அந்தத் தொற்று எதனால் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டையும் பொருத்துவது என்றால் பெரும்பாலும் முறிந்த இடத்தைத் திறந்து, எலும்பைச் சுற்றியுள்ள சதையை விலக்கி, பிளேட் வைத்துத் திருகாணி முடுக்குவது. அடிபட்டு ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்த சதை மேலும் குறைந்துபோகும். 1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் தொடங்கிவைத்த முறை வேறு: முறிந்த இடத்தைத் திறக்காமல், எலும்பின் ஒரு முனையிலிருந்து அதன் குழலுக்குள் நீண்ட ஆணியைச் செலுத்துவது. மருத்துவர்கள் நெயில் என்பதும் மக்கள் ராடு என்பதும் அதைத்தான். 1980களில் அந்த ஆணியின் இரு முனைகளிலும் குறுக்கே திருகாணி போட்டுப் பூட்டும் வகை பரவியது. சுக்குநூறாக முறிந்த எலும்பின் நீளத்தையும் திருகாமல் நிற்கும் கோணத்தையும் அதற்குப் பிறகே முழுதாகக் காக்க முடிந்தது. ஆக, 1978இன் எச்சரிக்கை அன்றைய கருவியைப் பற்றியது. அதை இன்றைய முடிவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

ஆனால் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவில் அந்த எச்சரிக்கை இன்றும் உயிரோடு இருக்கிறது. கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தை மூடியிருப்பது தோல் மட்டுமே. இந்தக் காயத்தில் கிழிவது பெரும்பாலும் அந்த இடம்தான். அங்கே ஆணியின் தரத்தைவிட, ஆன்டிபயாடிக் எத்தனை மணிக்கு ஏறியது, செத்த சதையை எவ்வளவு துப்புரவாக வெட்டி எடுத்தார்கள், எத்தனை நாளில் உயிருள்ள சதையால் மூடினார்கள் என்பதே தொற்றைத் தீர்மானிக்கிறது. இதில் உலகம் கோவையிடமிருந்து கற்றது ஒன்று உண்டு. கங்கா மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் தந்து, நோயாளியின் மற்ற உடல்நிலைக்கும் மதிப்பெண் சேர்க்கிறது. மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் எடுத்துவிடுவதே நல்லது. இடைப்பட்ட 15, 16இல் அனுபவமுள்ள குழு உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். காலை எடுப்பதா காப்பதா என்ற கேள்வியை ஒருவரின் மனத்துணிவுக்கு விடாமல் எல்லோரும் சேர்ந்து சரிபார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றியது அந்த முறை. எலும்பு மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் முதல் ஆபரேஷனிலேயே ஒரே மேஜைக்கு வர வேண்டும் என்பதும் அங்கிருந்து வலுவாகச் சொல்லப்பட்டது. சதையை மூட வழியில்லாத மருத்துவமனை, காயத்தைக் கழுவி, காலுக்கு வெளியே சட்டம் பொருத்தி, நோயாளியை உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்புவதில் எந்தக் குறைவும் இல்லை. அதுதான் பொறுப்பான வைத்தியம்.

எப்போது ஆபரேஷன் செய்வது என்பதில் எலும்பியல் துறை முப்பது ஆண்டுகளில் இரண்டு முறை திரும்பியிருக்கிறது. முன்பெல்லாம், ‘இந்த நிலையில் ஆபரேஷன் தாங்க மாட்டார்’ என்று நாட்களைத் தள்ளுவார்கள். 1989இல் அமெரிக்காவின் போன் என்ற மருத்துவரும் குழுவினரும் தொடை முறிந்த 178 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு 24 மணி நேரத்துக்குள்ளும் சிலருக்கு 48 மணி நேரத்துக்குப் பிறகும் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். பல இடங்களில் அடிபட்டவர்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டபோது நுரையீரல் சிக்கல்கள் கூடின, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாட்களும் கூடின. அசையாமல் மல்லாந்து கிடப்பதுதான் ஆபத்து என்று தெரிந்தது. உடனே எல்லோரையும் முதல் இரவிலேயே மேஜைக்கு ஏற்றும் வேகம் வந்தது. 1990களில் ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து பாப்பே குழுவினர் அதற்குத் தடை போட்டார்கள்: மார்பில் பலமாக அடிபட்டவரின் தொடை எலும்புக் குழலைக் குடைந்து ஆணி செலுத்தும்போது கொழுப்புத் துகள்களும் அழற்சிப் பொருள்களும் இரத்தத்தில் ஏறி, ஏற்கெனவே நொந்த நுரையீரலைச் செயலிழக்கச் செய்கின்றன. 2007இல் ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து 165 பேரிடம் செய்த குலுக்கல் ஆய்வு இரண்டு பக்கத்தையும் தெளிவாக்கியது. உடல்நிலை உறுதியாக இருந்தவர்களுக்கு உடனடி ஆணி நல்லது செய்தது. எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு அதே ஆணி நுரையீரல் பாதிப்பைக் கூட்டியது. மிதக்கும் முழங்காலுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் இங்கே குடைய வேண்டியது இரண்டு குழல்கள்.

இந்த இடத்தில் என் வாதத்தை ஒருவர் மடக்கலாம்: ‘இரண்டையும் பொருத்து என்கிறீர், ஒருவேளை அதுதானே ஆளைக் கொல்லும்?’ கொல்லும், நேரம் தப்பினால். இரண்டையும் பொருத்துவது குறிக்கோள். அதை ஒரே இரவில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. கிளீவ்லாந்தில் ஹெதர் வாலியர் குழுவினர் 2013இல் வகுத்த நடைமுறை ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. இரத்தத்தில் லாக்டேட் 4க்குக் கீழ், பி.எச். 7.25க்குக் குறையாமல், காரக் குறைவு 5.5க்குள் என்று வந்தால் உடல் மீண்டிருக்கிறது. அப்படியானால் 36 மணி நேரத்துக்குள் பொருத்திவிடலாம். வராவிட்டால் தொடைக்கும் கணைக்காலுக்கும் வெளிச்சட்டம் போட்டுவிட்டு இரத்தமும் திரவமும் ஏற்றிக் காத்திருக்க வேண்டும். சட்டம் போட அரை மணி, முக்கால் மணி போதும். கம்பி நுழைந்த துளைகளில் சீழ் வைப்பதற்கு முன், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள், சட்டத்தைக் கழற்றி ஆணிக்கு மாற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. லாக்டேட் பார்க்கும் இரத்தவாயுக் கருவி பெரிய விலையுயர்ந்த விந்தை அல்ல. விபத்து நோயாளிகளை ஏற்கும் ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இரவிலும் அது ஓட வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவர் இருக்க வேண்டும்.

ஆபரேஷன் எப்படி நடக்கிறது என்பதையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். முழங்காலுக்கு அடியில் எக்ஸ்ரே ஊடுருவும் முக்கோணத் தாங்கி. முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாரின் நடுவில், நான்கு சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கீறல். அதன் வழியே மெல்லிய வழிகாட்டிக் கம்பி தொடை எலும்பின் கீழ்முனையில் இரு குமிழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில், பின்பக்கக் குறுக்குத் தசைநார் பிடித்திருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நுழைகிறது. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் குருத்தெலும்புக்கோ நாருக்கோ சேதம். கம்பி மேல்நோக்கிப் போய் முறிவைத் தாண்டியதும் குழலைக் குடைந்து ஆணி ஏற்றிப் பூட்டுகிறார்கள். ஆணியின் முனை குருத்தெலும்புக்கு உள்ளே அமுங்கியிருக்க வேண்டும், வெளியே துருத்தினால் சில்லின் அடிப்பக்கத்தை அறுத்துவிடும். தொடை முடிந்ததும் அதே கீறல் வழியே, முழங்காலை இன்னும் மடக்கி, கணைக்கால் எலும்பின் மேல்முனையிலிருந்து கீழ்நோக்கி இரண்டாவது ஆணி. ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 2000இல் எழுதிய இந்த ஒற்றைக் கீறல் முறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் தேவையையும் மேஜை மாற்றும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. தொடை முதலில் என்பதற்கும் காரணம் உண்டு: அதிகம் இரத்தம் போவது அங்கே; மேலும், கணைக்காலுக்கு ஆணி செலுத்த முழங்காலை மடக்கித் திருப்பும்போது நிலைநிறுத்தாத தொடை முறிவு உள்ளே ஆடினால் சதையும் இரத்தக்குழாயும் மேலும் கெடும். ‘முழங்காலைக் காக்க வேண்டும் என்கிறவரே முழங்காலைத் திறக்கிறாரே’ என்ற ஆட்சேபம் நியாயமானது. சிலருக்கு முழங்காலின் முன்பக்க வலி பிறகும் தங்குகிறது என்பதும் உண்மை. ஆனால் வலியோடு மடங்கும் முழங்காலுக்குச் செய்ய வழி பல உண்டு; இறுகிப்போன முழங்காலுக்கு மிஞ்சுவது இன்னொரு பெரிய ஆபரேஷன்.

இரண்டு எலும்பும் பூட்டப்பட்ட அந்த நிமிடம் மயக்கத்திலிருந்து நோயாளியை எழுப்பிவிடக் கூடாது. முழங்கால் தசைநார்களைச் சோதிக்கக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அதுதான். அதுவரை மேலும் கீழும் ஆடிய எலும்பின் நடுவில் எந்த நார் அறுந்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் காயத்தில் தசைநார் அறுவது மிகச் சாதாரணம், தொடை மட்டும் முறிந்தவர்களைவிட அதிகம். முழங்காலைப் பக்கவாட்டிலும் முன்பின்னும் அசைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். இதே கவனம் தொடை எலும்பின் கழுத்துக்கும் தேவை. நடுத்தொடை முறிவுக்குப் பின்னால் இடுப்புக் கழுத்தில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கலாம். நடுத்தொடையின் பெரிய முறிவு கண்ணை இழுத்துக்கொள்வதால் முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தப்பிவிடுகிறது. சிடி ஸ்கேனில் அந்தக் கழுத்தை மெல்லிய அடுக்குகளாகப் பார்க்கும் வழக்கம் வந்த பிறகு தவறுவது குறைந்திருக்கிறது. வார்டுக்கு வந்த பிறகு, கணைக்கால் தசையறைகளில் அழுத்தம் ஏறுகிறதா என்று மணிக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். நாடி துடிக்கிறது என்பதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. நாடி கடைசியில்தான் போகும். கால்விரலை மெல்ல நீட்டிவிட்டால் கெண்டைக்கால் வலியில் நோயாளி அலறுகிறார், ஊசி போட்டும் வலி அடங்கவில்லை என்றால், நர்ஸ் அந்த இரவே மருத்துவரை எழுப்ப வேண்டும். தாமதித்த சில மணி நேரத்தில் செத்த தசையை எந்த ஆணியும் மீட்காது.

முறிவுக் கோடு முழங்கால் மூட்டுக்குள்ளேயே இறங்கியிருந்தால் பலன் குறைவு என்பதை மறைக்கத் தேவையில்லை. பிளேக்கும் மெக்பிரைடும் ஃப்ரேசரும் வகுத்த பிரிவுகள் எல்லாமே மூட்டுக்குள் போகாத முறிவை ஒரு பக்கமும் மூட்டைப் பிளந்த முறிவை மறுபக்கமும் வைத்ததற்குக் காரணம் அதுவே. அங்கே ஆணி மட்டும் போதாது. குருத்தெலும்பின் மேற்பரப்பைக் கண்ணால் கண்டு சமப்படுத்தி, பிளேட்டும் திருகாணியும் வைத்துக் காக்க வேண்டும். சில நாள் கழித்து, வீக்கம் வடிந்து தோல் சுருங்கிய பிறகே அதைச் செய்ய முடியும். அந்த நோயாளிக்கு முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து: நடப்பார், வேலைக்குப் போவார், பழைய முழங்கால் முழுதாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல இயலாது.

செலவைப் பற்றிய கேள்விக்கு இந்த மாநிலம் ஒரு பாதிப் பதில் தந்திருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது; தொடக்கத்தில் உச்சவரம்பு ஒரு லட்ச ரூபாய். இந்த ஊர்க்காரரா, காப்பீட்டு அட்டை உண்டா என்று கேட்காமல் சேர்த்துக்கொள்வது அதன் பெருமை. நான் மேலே சொன்ன 36 மணி நேரக் கணக்கு அந்த 48 மணிக்குள் அடங்குகிறது என்பதால், முதல் அறுவைக்குப் பணத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போட இடமில்லை. மீதிப் பாதி இன்னும் காலியாகவே கிடக்கிறது. இரண்டு எலும்பும் பொருத்திய மறுநாளே முழங்காலை மடக்கி நீட்டும் பயிற்சி தொடங்க வேண்டும். ஆறு வாரத்தில் 90 டிகிரியாவது எட்ட வேண்டும். குந்துவதற்கான கோணம் பல மாத உழைப்பில் வரும். நோயாளியோ பத்து நாளில் டிஸ்சார்ஜ் ஆகி, நகரத்திலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி உள்ள கிராமத்துக்குப் போய்விடுகிறார். வலிக்கும் என்று பயந்து தலையணையைக் காலுக்கு அடியில் வைத்து மடக்காமல் படுக்கிறார். வீட்டாரும் அதையே பரிவு என்று நினைக்கிறார்கள். தாலுகா அரசு மருத்துவமனையிலும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டக் குழுக்களிலும் பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனை அவர்களிடம் இந்த நோயாளியைப் பெயர் சொல்லி ஒப்படைப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆணியின் நீளமும் விட்டமும் எழுதப்படுகின்றன. அதே சீட்டில், இன்று முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, ஆறாவது வாரமும் மூன்றாவது மாதமும் எத்தனை இருக்க வேண்டும், எந்தத் தாலுகா மருத்துவமனையில் யார் அதை அளப்பார்கள், 90க்குக் கீழே நின்றுவிட்டால் எத்தனை நாளுக்குள் இங்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நான்கு வரிகளையும் அச்சிடும்படி எலும்பியல் துறைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.